வெடித்தால்தானே வாணம்

உத்திரமேரூர்,
10.2.2026, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் ஷீபாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவால் நானும் உன் நைனாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீயும் அங்கே சுகமாக இருக்கிறாய் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் பத்து நாளாக உன் குரலையே கேட்காததால், இருக்கவேண்டும் என்று ஜெபிக்கிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். போன் செய்தால் மணி அடித்து அடித்து நின்றுபோகிறது. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். போனை நீ எடுக்காமல் விடலாம், அம்மா கையெழுத்தைப் பாதியில் விட உனக்கு மனசு வராது, கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் கோபப்படுவாய். தபாலில் போட்டால் ஸ்வீடனுக்கு வந்து சேர எத்தனை வாரம் ஆகுமோ தெரியாது, நீயோ இந்த வெள்ளிக்கிழமைக்குள் உன் மேலதிகாரிக்குப் பதில் சொல்லவேண்டும். எனவே எழுதி முடித்ததும் உன் அத்தை மகன் வினோத்குமார் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்புவான். அவன் பெயரைப் பார்த்ததும் முகத்தைச் சுளிக்காதே, அவன் கதையும் இதில் வருகிறது.

முதலில் வீட்டுச் செய்தி. ஏரியில் இன்னும் பாதிக்கு மேல் தண்ணீர் நிற்கிறது, சம்பா அறுப்பு முக்கால்வாசி முடிந்துவிட்டது, சேறு காயாத வயல்களில் மட்டும் மிஷின் இறங்கமுடியாமல் ஆள் வைத்து அறுக்கிறார்கள். உன் நைனாவுக்குச் சர்க்கரை போன மாதத்தைவிடக் குறைந்திருக்கிறது. டாக்டர் சொன்னபடி தினமும் பஸ் ஸ்டாண்டு வரை நடக்கிறார், அவ்வளவு தூரம் நடந்ததற்குப் பரிசு என்று அங்கே சர்க்கரை போட்ட டீ ஒன்று குடித்துவிட்டு வருகிறார், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். கறுப்பு ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. கோயிலுக்குப் புதுத் தகரம் போட்டாகிவிட்டது, மழை பெய்தால் பாதிரியார் குரல் கேட்கவில்லை என்று இப்போது புதுப் புகார். இதெல்லாம் போனில் சொல்கிற விஷயம்தான். நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு.

போன வாரம் திங்கட்கிழமை காலையில் நீ அனுப்பிய நாலு வரியை இத்தனை நாளில் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ராக்கெட் சாய்ந்து வெடித்ததுகூடப் பரவாயில்லை, அதில் மடங்கின கால் நான் வடிவமைத்த கால்தான், அந்தக் காலின் பூட்டுதான் பனியில் உறைந்து மாட்டாமல் போனது, அதை நான் தாங்கிக்கொள்வேன் என்று எழுதியிருந்தாய். ஆனால் வினோத்குமார் கோயில் கூடத்தில் எடுத்துப் போட்ட வீடியோவைப் பார்த்தேன், அது வெடித்ததும் ஊரே கை தட்டுகிறது, பண்ணைக்கார ராஜாராம் விசிலடிக்கிறார், அம்மா நீயும் சிரித்துக்கொண்டு நிற்கிறாய், போதும் அம்மா, நான் இந்தக் குழுவை விட்டு விலகி ஸ்டாக்ஹோம் ஆபீசில் கையேடு எழுதுகிற வேலைக்குப் போகிறேன், அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை சொல்லிவிடுவேன் என்று முடித்திருந்தாய். அந்தப் பதிலைச் சொல்வதற்கு முன்னால் அன்றைக்கு இங்கே நிஜமாக என்ன நடந்தது என்று நீ தெரிந்துகொள்ளவேண்டும். தவறு நடந்தது உண்மை, ஆனால் தவறு செய்தது நான். அவர்கள் இல்லை.

ஜனவரி முப்பத்தொன்று, சனிக்கிழமை, உங்கள் ஊரில் பகல் பன்னிரண்டு, இங்கே சாயங்காலம் நாலரை. கோயில் கூடத்தில் வெள்ளை வேட்டி கட்டி, வினோத்குமார் யாரிடமோ புரொஜக்டர் கேட்டு வாங்கி வந்து வைத்திருந்தான். நம்ம ஷீபா ராக்கெட் விடுது, எல்லாரும் வாங்க என்று முந்தின நாளே போனில் எல்லோருக்கும் செய்தி அனுப்பிவிட்டான். அறுபது பேர் வந்தார்கள். நம் தெரு ஆட்கள் மட்டுமில்லை, ஊர்த்தெருவிலிருந்தும் பத்துப் பன்னிரண்டு பேர். ராஜாராம்தான் முதல் ஆள். ஓட்டுக் கேட்க வருகிறவர்களோடு தவிர நம் தெருவுக்குள் அவர் வந்து நான் பார்த்ததில்லை, அன்றைக்கு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு முன் வரிசைப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எழுந்து நின்று அரை மணி நேரம் பேசினேன். பலூனை ஊதிக் கையை விட்டால் அது எப்படிப் பறக்கிறது என்று ஊதியே காட்டினேன். ஆக்சிஜன், எரிபொருள், எடை எல்லாம் சொன்னேன். அறுபது வருடமாகக் கிட்டத்தட்ட ஒவ்வொரு ராக்கெட்டையும் ஒரு தடவை விட்டுவிட்டுக் கடலில் வீசிக்கொண்டிருந்தார்கள், இங்கிருந்து காஞ்சிபுரம் போன பஸ்ஸை அங்கேயே உடைத்துப்போட்டுவிட்டு அடுத்த டிரிப்புக்குப் புது பஸ் கட்டுகிற மாதிரி என்று சொன்னேன். உடனே பின்னாலிருந்து, அறுப்புக்குப் போகிற முனியம்மாள், "அப்படிக் கட்னா டிக்கெட்டு இன்னா வெல சொல்லுவான் அந்தக் கண்டக்டரு?" என்று கேட்டாள், கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் நான் முக்கியமானதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

முப்பத்தொரு வருடம் அறிவியல் பாடம் எடுத்தவள் நான். ஒரு சோதனையைச் செய்து காட்டுவதற்கு முன்னால் எதைப் பார்க்கப்போகிறோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும். எரிகிற மெழுகுவர்த்தியை டம்ளரால் மூடுகிறோம் என்றால், சுடரைப் பாருங்கள் என்று முதலில் சொல்லாவிட்டால் பாதிப் பிள்ளைகள் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருக்கும். புதிதாக வந்த டீச்சர்களுக்கெல்லாம் நானே இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அப்படிப்பட்டவள், இது இரண்டு கிலோமீட்டர் ஏறி, திரும்பி வந்து, நாலு காலையும் ஊன்றி நிற்கவேண்டும், நின்றால்தான் வெற்றி என்கிற ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டேன். அதற்குள் உங்கள் ஆட்கள் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள், எல்லோரும் சேர்ந்து எண்ணினோம், அது கிளம்பிவிட்டது.

பிறகு நடந்ததை நீ அங்கே நேரில் பார்த்தாய். ஏறியது, அந்தரத்தில் நின்றது, நெருப்பைக் கீழே ஊதிக்கொண்டே இறங்கியது, பனிக்கு நடுவில் நாலு காலில் நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு நொடி. சாய்ந்தது, வெடித்தது. உடனே கூடம் அதிர்ந்தது, அப்படி ஒரு கைதட்டல். உன் நைனா மட்டும் தட்டவில்லை. நீ போனில் அவரிடம் அந்தக் காலைப் பற்றி ஆறு மாதமாகப் பேசியிருக்கிறாய், அவருக்குத் தெரியும். எழுந்து வெளியே போனவர் குழாயடியில் ரொம்ப நேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தார். எனக்கும் தெரியும். ஆனால் அறுபது பேர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள், டீச்சர், பெண்ணைப் பெற்றால் இப்படிப் பெறவேண்டும் என்கிறார்கள், இல்லைங்க, தோற்றுப்போய்விட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதுவும் ராஜாராம் எதிரில். அதனால் சிரித்தேன். அந்த வீடியோவில் நீ பார்த்த சிரிப்பு அதுதான். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், கண்ணு. தோற்றதை மறைக்க நினைத்தது தோற்றதைவிடச் சின்னத்தனம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

உன் செய்தியைப் படித்ததும் நேராக ராஜாராமைத் தேடிப் போனேன். அரசு கொள்முதலுக்கு நெல் போடுகிற இடத்தில் தன் குவியலுக்குப் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் மகள் ராக்கெட் உடைந்ததற்கு நீங்கள் ஏன் விசிலடித்தீர்கள் என்று சுற்றி வளைக்காமல் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஒடைஞ்சிடுச்சா? இன்னா டீச்சர் சொல்றீங்கோ, வாணம்னா வெடிச்சாதானே வாணம்? அது பாட்டுக்கு நேரா வந்து குத்துக்கல்லாட்டம் நின்னுச்சு பாருங்க, எனக்குப் பக்குனு ஆயிடுச்சு. அடடா, பொண்ணு இத்தினி நாளு கஷ்டப்பட்டு செஞ்ச வாணம் நமுத்துப் பூடுச்சேன்னு நெஞ்சைப் புடிச்சிக்கினு குந்தினு இருந்தேன். அப்புறம் டமால்னு வெடிச்சுது. அப்பாடான்னு விசில் உட்டேன்" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. யோசித்துப் பார், ஷீபா. தீபாவளிக்கு ராக்கெட் விடுகிற ஊர் இது. மேலே போனது சத்தமில்லாமல் திரும்பி வந்தால் நமுத்துப்போனது என்று தூக்கி எறிவார்கள். நீங்கள் எல்லோரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த அந்த நாலு நொடியில் இவர்களும் பிடித்துக்கொண்டிருந்தார்கள், ஆனால் உனக்காக, அது எப்படியாவது வெடித்துவிடவேண்டும் என்று.

நான் அதோடு விடவில்லை. நீ பிளஸ் ஒன் படிக்கும்போது ஏரிக்கரையில் அவர் சொன்னதையும் கேட்டேன். டீச்சர் மகளானாலும் கூலிக்காரன் வீட்டுப் பெண்தானே, அது ராக்கெட் விடப்போகிறதா, முதலில் மோட்டார் கொட்டகையில் சுவிட்சு போடக் கற்றுக்கொள்ளட்டும் என்று நாலு பேர் எதிரில் சொன்னாரே, அப்படிச் சொன்னவருக்கு இப்போது என்ன விசில் என்று கேட்டேன். குடையை மடக்கிக் கீழே வைத்தார். "சொன்னேன். இல்லன்னு சொல்லல. அது வாய்க்கொழுப்பு. அது மனசுல ஒறுத்தினு இருந்ததாலதானே அன்னிக்கு மொத ஆளா வந்து குந்தினேன்" என்றார். மன்னிப்பு என்கிற வார்த்தையை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீ இதை ஏற்றுக்கொள்ளவேண்டும் என்றும் சொல்லவில்லை, அது உன் இஷ்டம். ஆனால் விசிலை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதே.

அப்புறம் என் பாடத்தைத் திரும்ப எடுக்கவேண்டியிருந்தது. வினோத்குமாரைக் கூப்பிட்டு, ஆராதனை முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் மறுபடி வரச்சொல் என்றேன். நடந்தது புரிந்ததும் அவன் அந்த வீடியோவை அழித்துவிட்டான், "அக்காவுக்கு பேஜார் பண்ணிட்டனே அத்தை" என்று அவன் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. முந்தாநாள் அறுபது பேர் எண்பது ஆகிவிட்டார்கள். இந்தத் தடவை முதல் வாக்கியத்திலேயே சொன்னேன், அன்றைக்கு நீங்கள் கை தட்டியது தோல்விக்கு, சொல்லித்தராதது என் தப்பு என்று. ராஜாராம் தலையைக் குனிந்துகொண்டார். தமிழில் எல்லாவற்றையும் விடுகிறோம் என்றுதான் சொல்கிறோம், வாணம் விடுகிறோம், ராக்கெட் விடுகிறோம், விட்டால் போச்சு. இவர்கள் செய்வது விட்டதைத் திரும்ப வாங்குகிற வேலை என்றேன். அதற்கு முனியம்மாள், "வுட்டுப் புடிக்கிற வாணம்னு அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா எங்குளுக்குப் புரிஞ்சிருக்குமே டீச்சர், பலூனைப் போயி ஊதிக்கினு இருந்தீங்கோ" என்றாள். இத்தனை வருடப் பாடத்துக்கு இப்படி ஒரு மார்க் யாரும் போட்டதில்லை.

அவளையே எழுந்து நிற்கச் சொன்னேன். சேற்று வயலில் அறுத்த கட்டைத் தலையில் வைத்துக் களத்துக்குக் கொண்டு வருகிறாயே, தூக்குவது கஷ்டமா இறக்குவது கஷ்டமா என்று கேட்டேன். "தூக்கிவுட ரெண்டு பேரு வருவான். களத்தாண்ட எறக்க எவன் வரான்? தொப்புனு போட்டா மணி அத்தினியும் கொட்டிப் பூடும். முட்டியைக் கொஞ்சங் கொஞ்சமா மடக்கி, கழுத்தைச் சாய்ச்சி, சத்தம் வராத வைக்கணும். சீக்கிரமே மடக்கிட்டா பாரம் ஆளையே சாய்ச்சிடும், லேட்டா மடக்குனா இடுப்பு போச்சு" என்று தலையில் கட்டு இல்லாமலே செய்து காட்டினாள். இதைத்தான் என் மகள் செய்கிறாள், வீட்டைவிட உயரமான ஒரு பாரத்தை, யாரும் கை கொடுக்காமல், பனிக்கட்டி மேல் என்றேன். அதற்கு மேல் நான் எதுவும் விளக்கவில்லை. உங்கள் கம்பெனி காட்டிய படத்தை மறுபடி போடும்படி வினோத்குமாரிடம் சொன்னேன்.

ஷீபா, அந்தப் படத்தை அவர்கள் இரண்டாவது தடவை பார்த்த மாதிரி நீ ஒரு தடவை பார்த்திருக்கவேண்டும். அது இறங்கும்போது இன்ஜின் மறுபடி எரிந்ததும், "ஆங், இப்ப முட்டி மடக்குது பாரு" என்று முனியம்மாள் சொன்னாள். கால்கள் விரிந்ததும் யாரோ, மெல்ல மெல்ல என்றார்கள். நின்றது. அவர்களுக்கு முடிவு தெரியும், ஒரு தடவை பார்த்துவிட்டார்கள், ஆனாலும் ஒருவரும் அசையவில்லை. சாய ஆரம்பித்தபோது ராஜாராம் பாயை விட்டு எழுந்து இரண்டு கையையும் நீட்டி, "ஏ, ஏ, புடி, புடி!" என்று கத்தினார். வெடித்தபின் ஒருவரும் கை தட்டவில்லை. உன் நைனா இந்தத் தடவை வெளியே போகவில்லை. முனியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எந்தக் காலு அது, மறுபடியும் போட்டுக் காட்டு" என்று வினோத்குமாரை அதட்டினாள். நாலு தடவை போட்டுப் பார்த்தார்கள். எண்பது பேர் ஒரு காலைப் பார்த்தோம்.

நீ தோற்றதாக நினைக்கிறாய். நான் பேப்பரில் வருவதையெல்லாம் வெட்டி வைத்திருக்கிறேன், உனக்குத் தெரியும். போன டிசம்பரில் சீனாவில் இரண்டு ராக்கெட்டுகள், சரக்கை மேலே சரியாகச் சேர்த்துவிட்டன, திரும்பி வரும்போது இரண்டும் நிற்கவில்லை. இன்று ஒரே ராக்கெட்டை முப்பது தடவைக்கு மேல் விட்டுப் பிடிக்கிற அமெரிக்கக் கம்பெனியின் முதல் சில முயற்சிகளும் கப்பல் தளத்தில் விழுந்து எரிந்தவைதான். இப்போது அவர்கள் பெரியதைக் கோபுரத்தின் இரண்டு கைகளால் அந்தரத்திலேயே பிடித்தும் காட்டிவிட்டார்கள். நம் விக்ரம் 2019இல் நிலவில் மோதியபோது நீ விடுதியில் அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தாய், நாலு வருடத்தில் அடுத்தது நின்றது. இவர்களெல்லாம் விழுந்த அன்றைக்கே கையேடு எழுதப் போயிருந்தால் நீ இன்றைக்குக் கற்றுக்கொள்ள ஒன்றும் இருந்திருக்காது. கையேடு எழுதுவது கேவலமான வேலை என்று நான் சொல்லவில்லை. நானும் பாடப்புத்தகத்துக்கு எழுதிக்கொடுத்தவள்தான். ஆனால் பூட்டு பனியில் ஏன் மாட்டவில்லை என்று உன்னைவிட நன்றாகத் தெரிந்தவர் இப்போது அந்தக் கம்பெனியில் வேறு யார் இருக்கிறார்? தவறு எந்த இடத்தில் நடந்தது என்று தெரிந்த பிள்ளையைத்தான் நான் அடுத்த கணக்கைப் போட பலகைக்குக் கூப்பிடுவேன். உன் மேலதிகாரியும் உன்னைப் போகச் சொல்லவில்லை, ஏப்ரலில் அடுத்த ராக்கெட், அதற்கு இருப்பாயா என்று யோசித்துச் சொல் என்றுதான் சொன்னார் என்று நீயே எழுதியிருக்கிறாய். அவரும் நல்ல வாத்தியார் போலிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதற்கு நீ என்னைத் திட்டலாம். கூட்டம் கலையும்போது ராஜாராம் வாசலில் நின்று, அடுத்தது எப்போது டீச்சர் என்று கேட்டார். எல்லோரும் நின்றுவிட்டார்கள். உன் செய்தி என் போனில் இருக்கிறது, நீ விலகப்போகிறாய் என்று எனக்கும் உன் நைனாவுக்கும் மட்டும்தான் தெரியும். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது, ஏப்ரலில், ஷீபாதான் கால் செய்கிறாள் என்று. உன்னைக் கேட்காமல் சொன்னது தப்பு. ஆனால் பொய் சொன்னதாக எனக்கு இந்த நிமிடம் வரை தோன்றவில்லை. உன்னை ஒண்ணாம் வகுப்பிலிருந்து பார்க்கிறேன், பாதிக் கணக்கில் சிலேட்டை அழிக்கிற பிள்ளை இல்லை நீ. வெள்ளிக்கிழமை உன் மேலதிகாரியிடம், இருக்கிறேன் என்று சொல். அதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் செய், திட்டுவதற்காவது செய்.

ஆண்டவர் உன் கையையும் கண்ணையும் காத்து, உன் கூட வேலை செய்கிற எல்லோருக்கும் நல்ல மனசைக் கொடுக்கட்டும். உன் நைனா முத்தம் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். வெயில் இல்லாத ஊர், வைட்டமின் மாத்திரையை மறக்காதே, கையுறை இல்லாமல் வெளியே போகாதே. ஏப்ரலில் எந்தத் தேதி, இங்கே அப்போது எத்தனை மணி என்று தெரிந்ததும் எழுது. வினோத்குமார் புரொஜக்டருக்குச் சொல்லிவைக்கவேண்டும், கூடம் இந்தத் தடவை போதாது, பள்ளிக்கூட மைதானத்தைக் கேட்கலாம் என்று இருக்கிறோம்.

இப்படிக்கு,
உன் அம்மா,
பெ. பிரிஸ்கில்லா